எதையும் வீணாக்காத வீடு

இந்த வரலாற்றில் ஆண்டு ஒன்று முன்பின்னாக இருக்கலாம். எண்பதா எண்பத்தொன்றா என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். கூரையில் பதித்த ஓடுகள் மஞ்சளா ஆரஞ்சா என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. நினைவை நம்பிச் சாட்சி சொல்லப் போகிறவன் கொஞ்சம் யோசித்துத்தான் போக வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் எந்தக் கூண்டில் ஏற்றினாலும் சொல்லலாம்: பொறியியல், கலை, இயற்கை கெடாத வடிவமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே தலையில் சுமந்த முதல் மனிதரை உலகத்துக்கு வழங்கிய பெருமை காரைக்காலையே சேரும். பாரிசுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. பம்பாய் முயன்று பார்த்ததாகவும் தெரியவில்லை.

அவர் பெயர் ழில்பேர். தந்தை முசே சார்ல், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி பதக்கங்களைக் குத்திக்கொண்டு அணிவகுப்பில் நடப்பார். மற்ற நாட்களில் அந்த அணிவகுப்பைப் பற்றிப் பேசுவார். மகனைப் பிரான்சுக்கு அனுப்பியது பொறியாளர் ஆவதற்கு. மகன் பொறியியல் பள்ளியில் பாதி படித்தார். பிறகு ஓவியப் பள்ளிக்கு மாறி அங்கேயும் பாதி படித்தார். அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று என்பது கணக்கு. அந்தச் சமயம் பார்த்து உலகத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வர, பிரான்சில் இருந்தவர்கள் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இயற்கையைப் பற்றிச் சிந்தித்தார்கள். ழில்பேரும் போர்த்திக்கொண்டார், சிந்தித்தார். மூன்றாவது துறை அப்படி வந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவரிடம் ஒரு மௌனம் இருந்தது. பொறியியல் பள்ளியில் பேராசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி புரியாமல் ஒருநாள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் ஆழமானவன்" என்று பேராசிரியர் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும் ழில்பேர் ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் இல்லாத இடத்தில் சுவரைப் பார்ப்பார். அந்த மௌனத்துக்குள் பல சமயம் ஒன்றுமே நடக்காது. அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த தொழில் ரகசியம்.

ஊர் திரும்பி, மாதா கோயில் தெருவில் வீட்டு வாசலில் பலகை மாட்டினார்: 'ழில்பேர் - பொறியியல், கலை, நீடித்த வடிவமைப்பு.'

"உள்ள மூணு பேரு குடியிருக்கீங்களா?" என்று தபால்காரர் கேட்டார்.

முசே சார்லுக்கு வேறு கவலை. "ழில்பேரு, அணிவகுப்புல பக்கத்துல நடக்கறவன் கேக்கறான், உம்மவன் என்னவா இருக்கான்னு. ஒரே வார்த்தையில ஏதாவது சொல்லு."

ழில்பேர் ஜன்னலைப் பார்த்தார். காப்பி ஆறியது.

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுப்பா."

"நடந்துக்கிட்டே சொல்லணும்டா. பாண்டு வேற வாசிப்பானுவ. ரெண்டு வார்த்தைக்கு மேல காதுல விழாது."

"சும்மா இருக்கான்னு சொல்லுங்களேன்" என்றார் உள்ளேயிருந்து தாய் மார்கெரித். "ரெண்டு வார்த்தைதானே."

ஆனாலும் இந்த மும்மைத் தொழிலின் வசதி மற்றவர்களுக்குப் புரிவதில்லை. பொறியாளர்கள் கணக்குக் கேட்டால் ழில்பேர் கலைஞர். கலைஞர்கள் அழகு பற்றிக் கேட்டால் அவர் பொறியாளர். இருவரும் சேர்ந்து வந்து மறித்தால் அவர் இயற்கையின் பக்கம் நகர்ந்துவிடுவார். அங்கே யாரும் தொடர்ந்து வருவதில்லை. இப்படி ஓராண்டுக் காலம் அவரை எவராலும் பிடிக்க முடியவில்லை. வேலை கொடுக்க வந்தவர்களாலும் முடியவில்லை.

முதலில் பிடித்தவர் தியாகராசன். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். புதுமை எதைக் கண்டாலும் மேலதிகாரியைக் கண்டதுபோல எழுந்து நிற்பவர். அவர் மனைவி அஞ்சுகம் விழிதியூர்க்காரி. பாகம் பிரித்ததில் அவர்களுக்கு வந்த மனை, சிவன் பிச்சாண்டவர் கோலத்தில் வீதியுலா வரும் தெருவில் இருந்தது.

அந்தத் தெருவின் அருமை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லப்படுகிறது. ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. சப்பரம் வாசலுக்கு வந்து அர்ச்சனை முடிந்ததும் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளை வேண்டும் என்கிறவர்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். பிள்ளை பிறந்தவர்கள் மேலே கூடையோடு நிற்பார்கள். ஒரு பெண் கீழிருந்து மேலே போவதற்குச் சில வருடங்கள் ஆகும். சிலர் கீழேயே நின்றுவிடுவதும் உண்டு.

அஞ்சுகம் கீழே நெடுங்காலம் நின்றவள். ஒரு வருடம் முந்தானையில் பழம் விழுந்தது. மறு வருடம் அல்லி பிறந்தாள். நேர்த்தியைச் செலுத்தக் கூடையோடு ஓரகத்தி சின்னப்பிள்ளை வீட்டு மாடிக்கு ஏறினாள். சின்னப்பிள்ளை தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று, கீழே இருப்பவர்களுக்கும் கேட்கிற குரலில், "எறி, எறி. எங்க மாடிதானே, புண்ணியம் வெளியில எங்கயும் போயிடாது" என்றாள். அஞ்சுகம் கூடையைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கி வந்துவிட்டாள். இனி இறைத்தால் தன் வீட்டு மாடியில் நின்று இறைப்பது; இல்லையென்றால் இல்லை. அல்லி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அந்த நேர்த்தி நிலுவையில் நின்றது. அவளுக்கு வீடே வேண்டியதில்லை. மாடி வேண்டும். மாடியை அந்தரத்தில் நிறுத்த முடியாது என்பதால் அடியில் ஒரு வீடு இருந்தால் சரி என்று ஒப்புக்கொண்டிருந்தாள்.

"எப்படிப்பட்ட வீடு வேணும்?" என்று ழில்பேர் கேட்டார்.

"காத்தோட்டமா இருந்தா போதுங்க" என்றார் தியாகராசன்.

"மாடி வேணுங்க" என்றாள் அஞ்சுகம்.

ழில்பேர் ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்கு மாடி..."

"சும்மா இரு. சார் யோசிக்கிறாரு."

"யோசிக்கட்டும். மாடியையும் சேத்து யோசிக்கட்டும்னுதான் சொல்றேன்."

வெகுநேரம் கழித்து ழில்பேர் திரும்பினார். "வீடுங்கிறது ஒரு மூச்சுங்க."

தியாகராசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் அலுவலகத்தில் யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை.

"மூச்சு வுடறதுக்கும் மாடி நல்லதுதானுங்க" என்றாள் அஞ்சுகம்.

வரைபடம் வந்தது. அது வரைபடமாகவா இருந்தது? நீர்வண்ண ஓவியம். பறவையின் கண்ணிலிருந்து பார்த்த வீடு என்றார் ழில்பேர். நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி ஒரு நீலக் கோடு, மூலையில் ஒரு தென்னை. அஞ்சுகம் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வட்டம் மாடியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். மாடி வட்டமாக இருந்தால் என்ன, நிற்க முடிந்தால் சரி.

கட்டட அனுமதிக்கான கூட்டம் ஓர் அலுவலகத்தில் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு நடந்தது. அதிகாரி முத்தையன் ஓவியத்தை மேசையில் விரித்துவைத்து, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு டீ கிளாஸை வைத்தார்.

"கூரை எங்க?"

"இதுதாங்க. குவிமாடம்" என்றார் ழில்பேர். "கம்பி கெடயாது, சிமெண்டு கெடயாது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். வெயில் வழுக்கிக்கிட்டு போயிடும்."

"மசூதியா?"

"வீடுங்க."

"வீடுன்னா மொட்டை மாடி இருக்கணும். மொட்டை மாடின்னா சுத்தி கைப்பிடிச் சுவர் இருக்கணும். சுவத்துக்கு உயரம் விதியில இருக்கு."

"மாடியே இல்லீங்களே."

முத்தையன் ஆழ்ந்து யோசித்தார். அன்று அந்த அறையில் இரண்டு மௌனங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. கடைசியில் அரசாங்க மௌனம் வென்றது. "மாடி இல்லேன்னு எழுத எடமில்ல. கைப்பிடிச் சுவர் உயரம் பூச்சியம்னு போட்டுக்கறேன். விதிய மீறுன மாதிரியும் ஆவாது, கட்டுன மாதிரியும் ஆவாது."

கைப்பிடிச் சுவர், உயரம் பூச்சியம், 'திருப்திகரம்' என்று அனுமதி வந்தது.

கட்டியவர் அல்லா பிச்சை மேஸ்திரி. அவருக்கு அந்த வேலை அளவு கடந்து பிடித்துவிட்டது. சாரமே இல்லாமல் செங்கலை வட்டம் வட்டமாக அடுக்கி மூடிக்கொண்டு போவதைப் பார்க்கத் தெரு கூடியது. ஆள் சேரச் சேர அவர் வேலையைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினார். "மேல ஒரு பிறை வெச்சா சோலி முடிஞ்சுது" என்று தினமும் ஒரு தடவை சொல்லுவார். தியாகராசன் தினமும் ஒரு தடவை பதறுவார். மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் ஓட்டுத் துண்டுகளைப் பதிக்க ஏற்பாடு. அது கலை. குவிமாடத்தின் அடியைச் சுற்றி மழைநீர் ஓடும் வாய்க்கால், ஒரு சொட்டும் தெருவில் சிந்தாமல் இருக்க அதற்கு முழங்கால் உயர விளிம்பு, கொல்லையில் திறந்த வாய்த் தொட்டி, எல்லாம் தொட்டியை நோக்கிச் சரிவு. அது நீடித்த வடிவமைப்பு. சரிவின் கணக்கை ழில்பேர் மூன்று முறை போட்டுப் பார்த்தார். அது பொறியியல். வாழ்க்கையில் அவர் முழுசாக முடித்த முதல் கணக்கு.

அறுவடைக்கு விழிதியூர் போயிருந்த அஞ்சுகம் திரும்பி வந்தபோது குவிமாடம் மூடியிருந்தது. வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

"மேஸ்திரி, படி எங்க வருது?"

"எதுக்கும்மா படி?"

"மாடிக்கு."

அல்லா பிச்சை ழில்பேரைக் காட்டினார். ழில்பேர், "மாடி வெயிலைச் சேத்து வெச்சுக்கும்மா" என்றார்.

"நா வெயில் காயவா மாடி கேட்டேன்? மாம்பழம் இறைக்கணுங்க. பிச்சாண்டவரு வர்றப்ப மாம்பழம் இறைக்கணும். நேர்த்தி. எம்மவளுக்கு. சொந்த மாடியில நின்னு."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி தமிழில் சொல்ல முடியாது. ழில்பேர் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் இன்னும் வைக்கவில்லை. அது இருக்க வேண்டிய ஓட்டை வழியாகப் பார்த்தார். மாம்பழம், மாம்பழம் என்று உள்ளே ஏதோ அசைந்தது. இந்த முறை மௌனத்துக்குள் உண்மையாகவே ஒன்று நடந்தது. அதுதான் ஆபத்து.

"புரிஞ்சுது" என்றார். கண் கலங்கியிருந்தது.

பத்து நாளில் குவிமாடத்தின் நெற்றியில், தெருவைப் பார்த்து, மஞ்சளோ ஆரஞ்சோ, ஓட்டுத் துண்டில் கொத்துக் கொத்தாக மாம்பழங்கள் காய்த்தன. இலைகூட இருந்தது. 'பயனாளியின் பண்பாட்டுத் தேவை' முழுமையாக நிறைவேற்றப்பட்டது. தியாகராசன் அலுவலகத்திலிருந்து ஆட்களை அழைத்துவந்து காட்டினார். அஞ்சுகம் ஒன்றும் பேசவில்லை. அவளும் மௌனம் பழகிவிட்டாள் என்று ழில்பேர் மகிழ்ந்தார்.

இந்த நேரத்தில் புதுச்சேரியிலிருந்து 'நாளைய இல்லப் பேரவை' என்ற ஓர் அமைப்பு, உள்ளூர்ப் பண்பாட்டோடு இயைந்த கட்டடத்துக்குக் கேடயம் தருவதாக அறிவித்தது. நடுவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள்; பண்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே பார்ப்பது உசிதம் என்று மாங்கனித் திருவிழா அன்றே வருவதாகக் கடிதம் எழுதினார்கள். முசே சார்ல் பதக்கங்களை ஒரு மாதம் முன்னதாகவே எடுத்து மெருகு போட்டார். கேடயம் என்பது ஒரே வார்த்தை.

அன்று தெருவில் எள் போட இடமில்லை. நடுவர் குழுத் தலைவர் குவிமாடத்துக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து அதன் குளிர்ச்சியை நேரடியாக ஆய்வு செய்தார். ஆய்வின்போது குறட்டை கேட்டது. இன்னொரு நடுவர் மதாம் ஷந்தால் காமிராவோடு எதிர்வீட்டு மாடிக்குப் போனார். ழில்பேர் தம் படைப்பை முகப்பிலிருந்து பார்க்கத் தெருவில் கூட்டத்தோடு நின்றார்.

வீட்டுக்குள் தியாகராசனும் அஞ்சுகமும் இரண்டு கூடை மாம்பழத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள்.

"பேசாம அண்ணன் வீட்டு மாடியில..."

"நா அங்க ஏற மாட்டேன்."

"வாசல்ல நின்னு குடுத்தா?"

"நா கீழ நின்னதெல்லாம் போதுங்க."

மேளச்சத்தம் நெருங்கியது. தியாகராசன் அல்லா பிச்சையைப் பிடித்தார். முகப்பில் ஏணி வைக்கக் கூட்டம் இடம் தராது. கொல்லைப் பக்கம் வைத்தார்கள். அஞ்சுகம் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள். வாய்க்காலில் நிற்கலாம் என்று கால் வைத்துப் பார்த்தாள். அந்த அகலத்தில் மாம்பழம் நுழையும், பாதம் நுழையாது. குவிமாடத்தின் மேல் காலை ஊன்றினாள். வெயில் வழுக்குவதற்காகச் செய்த ஓடு, அவளும் வழுக்கினாள். ஏணியின் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டாள். அல்லா பிச்சை கூடையைத் தூக்கிப் பிடித்தார். சப்பரம் முன்வாசலில் நின்றது. தீபாராதனை மணி கேட்டது. தெருவில் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன.

ழில்பேரின் கையும் உயர்ந்தது. அவர் உயர்த்தவில்லை, அது தானாக உயர்ந்தது. சின்ன வயதில் மாதா கோயில் தெருப் பிள்ளைகளோடு வருடா வருடம் இங்கே ஓடிவந்து, இப்படித்தான் நின்று பழம் பிடித்திருக்கிறார். வானத்திலிருந்து வரும். அவ்வளவுதான் தெரியும். யார் கையிலிருந்து வருகிறது, அவள் எதன் மேல் நிற்கிறாள் என்று ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. பழத்தை விட்டுக் கண்ணை எடுத்தால் பழம் போய்விடுமே.

அஞ்சுகம் பலங்கொண்ட மட்டும் எறிந்தாள். பழம் குவிமாடத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே பட்டது. ஒரு நிமிஷம் யோசிப்பதுபோல நின்றது. பிறகு பின்பக்கமாக உருண்டு வாய்க்காலில் விழுந்து, சரிவைப் பிடித்து, சுற்றிக்கொண்டு போய்த் தொட்டியில் குதித்தது.

குளுக்.

அடுத்தது. குளுக். இன்னும் வேகமாக எறிந்த ஒன்று உச்சியைத் தாண்டிவிட்டது. தெரு மூச்சைப் பிடித்தது. பழம் முகப்பில், ஓட்டு மாம்பழங்களுக்கு மேலே அழகாக உருண்டு வந்து, முழங்கால் உயர விளிம்பில் முட்டி, ஒதுங்கி, வாய்க்கால் வழியே வீட்டைச் சுற்றிப் பின்னால் போயிற்று. கணக்கு துல்லியமாக வேலை செய்தது. ழில்பேர் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். குளுக்.

பக்கத்து மாடியிலிருந்து சின்னப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். "என்னாடி அஞ்சுகம், தொட்டிக்கா நேர்ந்துக்கிட்டே?"

அஞ்சுகம் நிறுத்தவில்லை. இரண்டு கூடையும் தீரும்வரை எறிந்தாள். கீழே முந்தானை ஏந்தி நின்ற பெண்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஏந்திய முந்தானையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்கள். அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு ஒரு பழம்கூட வரவில்லை. சப்பரம் நகர்ந்தது. கூட்டமும் அதன் பின்னால் நகர்ந்தது.

வெறும் கூடையோடு வீட்டுக்குள் புகுந்து வாசலுக்கு வந்த அஞ்சுகம், கையை இன்னும் இறக்காமல் நின்ற ழில்பேரைப் பார்த்தாள்.

"நீங்க காரைக்கால்தானே?"

"ஆமாங்க. பொறந்ததே இங்கதான்."

"திருவிழாவுக்கு எங்க நின்னு பாப்பீங்க?"

ழில்பேர் பார்ப்பதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. தாமே வைத்த ஜன்னல். அவர் அதைப் பார்க்கவில்லை.

"கீழ" என்றார்.

"அதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

குறட்டையிலிருந்து எழுந்த தலைவர் நடந்ததைக் கேட்டறிந்து மிகவும் நெகிழ்ந்தார். மழைநீருக்காகக் கட்டிய அமைப்பு மாம்பழத்துக்கும் பயன்பட்டதே, இதல்லவா பண்பாட்டோடு இயைவது என்றார். "எதையும் வீணாக்காத வீடு" என்று வாசகம் பொறித்துக் கேடயம் வந்தது. தொட்டித் தண்ணீரில் ஐப்பசி மழை வரைக்கும் மாம்பழ வாசனை வீசியது.

இனி ஆட்களைப் பற்றி. அடுத்த ஆனிக்குள் அஞ்சுகம் தன் நகையை விற்று, குவிமாடத்தின் நாலு பக்கமும் தூண் எழுப்பி, மேலே தட்டையாக ஒரு கான்கிரீட் தளம் போட்டு, அதற்குப் படியும் வைத்தாள். கட்டியவர் அதே அல்லா பிச்சை; தளம் மறைத்த குவிமாடத்துக்காக ஒரு வாரம் துக்கம் கொண்டாடினார். முத்தையன் வந்து கைப்பிடிச் சுவரை அளந்து, பூச்சியத்துக்கு மேல் இருப்பதாக ஆட்சேபித்தார். அஞ்சுகம் நேர்த்தியைச் செலுத்தினாள். அதற்குப் பிறகும் வருடா வருடம் இறைத்தாள். சின்னப்பிள்ளை மூட்டுவலியால் தன் மாடிக்கு ஏறுவதை நிறுத்திவிட்டாள். அல்லி கல்யாணமாகி அம்பகரத்தூர் போனாள். தியாகராசன் இன்னொரு புதுமைக்காக எழுந்து நின்றபடியே ஓய்வு பெற்றார். முசே சார்ல், மகன் என்னவாக இருக்கிறான் என்று கேட்டவர்களுக்கு "கேடயம்" என்று சொல்லிக்கொண்டே சில அணிவகுப்புகள் நடந்து, பிறகு இறந்துபோனார். மார்கெரித் கேடயத்தைச் சோற்றுப் பானைக்கு மூடியாக வைத்தார். அளவு சரியாக இருந்தது.

ழில்பேர் பிரான்சுக்கே திரும்பிவிட்டார். அங்கே ஒரு கல்லூரியில் 'மக்களின் தேவையைக் கேட்டறிதல்' என்ற பாடத்தை நடத்துகிறார். வகுப்பின் முதல் நாள் மதாம் ஷந்தால் எடுத்த புகைப்படத்தைத் திரையில் காட்டுவார்: பளபளக்கும் குவிமாடம், அதன் முன்னே கைகளை உயர்த்தி நிற்கும் நூற்றுக்கணக்கான ஜனங்கள். வீட்டைப் பாராட்டி ஊரே கைதூக்கி நிற்கிறது என்று மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். அவர் திருத்துவதில்லை, ஜன்னலைப் பார்ப்பார். முன்வரிசையில் எல்லோரையும்விட உயரமாகத் தூக்கிய ஒரு கை இருக்கிறது. அது அவருடையது. படத்தில் எந்தக் கையிலும் மாம்பழம் இல்லை.